திரைக்கு அங்காலை இருந்து வாற பந்து

1

"...திரையை அவிழ்த்தா என்ன, உலகம் அழிஞ்சிடுமே?"

"அவிழ்த்தா சுருங்கும் பிள்ளை. திரும்பக் கட்டேக்கை ஒரு பக்கம் இழுபடும். முந்தி ஒருக்கா அப்பிடித்தான், ஓடுறவன் எல்லாம் மலையேறுற மாதிரித் தெரிஞ்சவங்கள்."

"அப்ப எங்கடை வலையை எங்கை கட்டுறது? உங்கடை தலையிலையோ?"

"வாயைப் பார்! உலகக் கிண்ணம் நாலு வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும். உங்கடை வொலிபோல் எங்கை ஓடப்போகுது? ஒரு மாசம் பொறுக்க ஏலாதே?"

"ஒரு மாசம் பொறுத்தா எங்கடை மட்ச் முடிஞ்சிடும் அண்ணை. பகல் முழுக்க இந்தத் திரையிலை ஒரு காகம்கூடப் படம் பாக்கேல்லை. பாத்தா சொல்லுங்கோ, நாங்கள் ஒதுங்கிறம்."

எங்கடை கழகத் தலைவருக்கும் பொம்பிளையள் ரீமின்ரை கப்டனுக்கும் வந்த இந்தக் கொழுவலிலை இருந்துதான் நான் இப்ப எழுதுற கதை பிறந்தது. மைதானத்து மதிலுக்கு இஞ்சாலை சைக்கிள் செயின் கழண்டு நிண்டனான். ஒட்டுக்கேட்டதெண்டு சொல்லாதையுங்கோ. சந்தியிலை நிண்ட நெல்லியடி பஸ்ஸுக்கே கேட்டிருக்கும்.

நான் எழுத்தாளன் இல்லை. பேர் நதானியேல். உடுப்பிட்டிப் பக்கத்திலை எங்கடை விளையாட்டுக் கழகத்தின்ரை பேஸ்புக் பக்கத்தைப் பாக்கிறவன். மரண அறிவித்தல், கோயில் திருவிழா, ஆலய ஆராதனை, மட்ச் ஸ்கோர், எல்லாம் போடுறது நான்தான். கழகத் தலைவர் பரமலிங்கண்ணை என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு: "2026 உலக விளையாட்டு வருசம். அதைப் பற்றி வடிவா ஒண்டு எழுது."

(என்ரை பேரைத் தவிர மற்றப் பேரெல்லாம் மாத்திப்போட்டன். ஊரை மாத்தேல்லை. மாத்தினா எனக்கு எழுத வராது. பேரை மாத்தினாலும் ஆர் ஆரெண்டு ஊருக்குத் தெரியும், அது வேறை கதை.)

2

முதல் துவக்கம்:

"2026ஆம் ஆண்டு உலக விளையாட்டு வரலாற்றிலே பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட—"

விட்டிட்டன். நான் இப்பிடிக் கதைக்கிறேல்லை. மனுசி வினிபிரட் பின்னாலை நிண்டு பாத்திட்டு, "என்ன, ஆரும் செத்துப் போச்சினமோ?" எண்டா.

ரெண்டாவது துவக்கம்:

"மாசி மாசம் இத்தாலியிலை குளிர்கால ஒலிம்பிக். அதே மாசம் எங்கடை நாட்டிலையும் இந்தியாவிலையும் ரி20 உலகக் கிண்ணம். இப்ப உதைபந்தாட்டம். முதல் தடவையா நாப்பத்தெட்டு நாடு, மூண்டு நாட்டு மண்ணிலை. இங்கிலாந்திலை பொம்பிளையளின்ரை ரி20. பிறகு கிளாஸ்கோவிலை பொதுநலவாய விளையாட்டு, புரட்டாதியிலை யப்பானிலை ஆசிய விளையாட்டு. இதையெல்லாம் நாங்கள் எங்கடை மைதானத்திலை திரை கட்டி—"

இந்த இடத்திலை கை நிண்டிட்டுது. *திரை கட்டி*. எதிலை கட்டி?

எங்கடை மைதானத்திலை நட்ட இரும்புத் தூண் ரெண்டே ரெண்டுதான். கரப்பந்து வலை கட்டுற தூண். உலகக் கிண்ணம் துவங்கின அண்டைக்குக் கழகம் அதிலை பெரிய வெள்ளைத் திரையை இழுத்துக் கட்டினது. மட்ச் எல்லாம் எங்களுக்கு இரவிலையும் விடியப்புறமும்தான். பகலிலை திரை சும்மா நிக்கும். ஆனா பொம்பிளையள் ரீம் பழகிறது பின்னேரத்திலை. கழகம் துவங்கின நாளிலை இருந்து இந்த வருசந்தான் எங்களுக்கு முதன்முதலா ஒரு பொம்பிளையள் ரீம். பிரதேசப் போட்டி வாற ஞாயிறு.

நாப்பத்தெட்டு நாடு விளையாட எங்கடை ஊரிலை இடம் இருக்கு. ஊர்ப் பெட்டையளுக்கு ரெண்டு தூண் இல்லை.

3

இனி தர்ஷிகாவைப் பற்றி. ரீமின்ரை கப்டன். முதலிலை கொழுவினது அவதான்.

நான் எழுதின முதல் வரைவிலை இப்பிடி இருந்தது:

"கண்கலங்கிய தர்ஷிகா, திரையைப் பார்த்தபடி மெல்ல விம்மி—"

கதையிலை ஒராளைப் பற்றி எழுதினா அந்த ஆளுக்குக் காட்டவேணும் எண்டு நினைச்சு அனுப்பினனான். அடுத்த நிமிசம் போன் அடிச்சுது.

"அண்ணை, நான் எப்ப அழுதனான்?"

"அது... வாசிக்கிற ஆக்களுக்கு மனசிலை படவேணும் எண்டு..."

"அப்ப நீங்களே அழுங்கோ. என்னை ஏன் அழவைக்கிறியள்? நான் பரமலிங்கண்ணையைப் பேசினது ஒண்டையும் காணேல்லை. உங்கடை தலையிலையோ கட்டுறது எண்டு கேட்டனானெல்லோ, அது எங்கை?"

"அது கொஞ்சம் மரியாதையில்லாமல்..."

"போடுங்கோ அதை. மற்றது, திரையை எனக்குப் பிடிக்காது எண்டு எழுதியிருக்கிறியள். பச்சைப் பொய். நானும் பிறேசில் மட்ச் பாக்கிறனான். முன் கதிரையிலை இருந்து."

இந்தக் கதையை மேலை கொழுவலோடை துவங்கினது அதாலைதான். இரக்கப்படுறதுக்கு ஆள் தேடுறவை வேறை கதை வாசியுங்கோ.

4

கொழுவலுக்கு அடுத்த நாள் பின்னேரம் நடந்தது.

பொம்பிளையள் வந்தினம். திரையை ஆரும் தொடேல்லை. ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிண்டினம். திரையின்ரை மேல் விளிம்பு கிட்டத்தட்ட வலையின்ரை உயரம். கீழ் விளிம்பு நிலத்திலை. தர்ஷிகா பந்தை எறிஞ்சு மேலாலை அடிச்சா.

வலையெண்டா அங்காலை நிக்கிறவையைப் பாக்கலாம். ஆர் துள்ளுறா, கை எந்தப் பக்கம் திரும்புது, எல்லாம் தெரியும். திரையிலை ஒண்டும் தெரியாது. கால் சத்தம் மட்டும் கேக்கும். பிறகு திடீரெண்டு வெள்ளைக்கு மேலாலை பந்து வரும்.

"ஆரபி, எங்கையடி நிக்கிறாய்?"

"மெக்சிக்கோவிலை! நீங்கள்?"

"கனடா! பந்தை அனுப்படி, விசா வேண்டாம்!"

முதல் நாள் ஒரு பந்தும் பிடிபடேல்லை. ஆரபிக்கு மூக்கிலை பட்டு வீங்கினது. நாலாம் நாள் போய்ப் பாத்தன். பந்து தெரியமுன்னமே ஓடுகினம். சத்தத்தை வைச்சு ஓடுகினம்! நான் வாயைத் திறந்துகொண்டு நிண்டனான்.

(இதிலை ஒரு உவமை போட்டனான், "காணாத உலகத்தை" எண்டு துவங்கினது. அழிச்சுப்போட்டன். அவையளுக்கு மூச்சு வாங்கினது, எனக்கு உவமை கேக்குது.)

ஆனா எல்லாப் பந்தும் மேலாலை போகேல்லை. திரை முழுக்கப் புழுதி வட்டம். அண்டிரவு அதிலை உலகக் கிண்ண மட்ச் போடேக்கை கோல் காப்பாளற்றை நெத்தியிலை ஒரு வட்டம். மைதானத்திலை ஏழெட்டுப் பந்து. உண்மையான பந்தை விட்டிட்டு, சனம் அடையாளத்தைப் பாத்துக் "கோல்" எண்டு கத்தினது.

5

பரமலிங்கண்ணையைக் கூடாத மனுசனாக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மாரி மழையிலை நனைஞ்சு மைதானத்துக்கு வாய்க்கால் வெட்டினவர் அவர்தான். ஆனா நிர்வாகக் கூட்டத்திலை அவர் சொன்னதை அப்பிடியே எழுதுறன்.

"உந்தத் திரையும் புரொஜெக்ரரும் வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை பிள்ளையள் அனுப்பினது. உந்தக் கோலத்திலை படம் எடுத்துப் போட்டா அவையள் என்ன நினைப்பினம்? கோவிப்பினம். இனி ஒண்டும் அனுப்பாயினம். ஒழுக்கமில்லாத ரீமுக்கு நான் பேர் குடுக்கமாட்டன்."

கழகத் தலைவர் சனிக்கிழமைக்கு முன்னம் பேர் குடுக்காட்டி ரீம் போட்டியிலை இல்லை. அவ்வளவுதான் விசயம்.

"வெளிநாட்டுக்காரரை ஒருக்காக் கேட்டனீங்களோ அண்ணை?" எண்டா தர்ஷிகா.

"கேக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

கூட்டம் முடிஞ்சு வெளிக்கிடேக்கை என்னைக் கூப்பிட்டார். "நதானியேல், உதொண்டும் பக்கத்திலை போடாதை. உலக விளையாட்டை மட்டும் எழுது."

உலக விளையாட்டைத்தான் எழுதுறன் அண்ணை. உடுப்பிட்டியும் உலகத்திலைதான் இருக்கு. வேணுமெண்டா இந்தப் பக்கத்தை நாளைக்கு வேறை ஆரிட்டையும் குடுங்கோ. இண்டைக்கு என்ரை கையிலைதான் இருக்கு.

6

முடிவு எழுதிப் பாத்தனான்.

ஒண்டு: பரமலிங்கண்ணை மதிலுக்கு மேலாலை பெட்டையள் விளையாடுறதைப் பாத்து, மனம் இளகி, தன்ரை கையாலை திரையை— (தர்ஷிகா: "அண்ணை, இது நாடகம்.")

ரெண்டு: ஆரோ கத்திரிக்கோல் கொண்டுவந்து— ("திரை என்ன குற்றம் செய்தது?")

மூண்டு: ரீம் போட்டிக்குப் போகுது. இறுதி ஆட்டம். கண்ணை மூடிக்கொண்டே பந்தை எடுக்கினம். கிண்ணம் எங்களுக்கு. ஊர் முழுக்க வெடி.

இதுதான் எனக்குப் பிடிச்சது. தர்ஷிகா கடைசி வரி வரைக்கும் வாசிச்சா. பிறகு கேட்டா:

"கிண்ணம் வெண்டாத்தான் எங்களுக்கு இடமோ அண்ணை? பெடியள் ரீம் எத்தினை வருசமாத் தோக்குது. ஆரும் தூணைப் பறிச்சவையே? நாங்கள் முதல் சுற்றிலையே தோக்கலாம். தோக்கிறதெண்டாலும் அங்கை போய் நிண்டுதான் தோக்கவேணும்."

மூண்டையும் அழிச்சுப்போட்டன்.

இப்ப உங்களட்டை வாறன். லண்டன், ரொறன்ரோ, பரிஸ், ஒஸ்லோ, எங்கை இருந்து இதை வாசிக்கிறியளோ, பரமலிங்கண்ணை சொன்ன "வெளிநாட்டுப் பிள்ளையள்" நீங்கள்தான். உங்கடை கோவத்தை உங்களுக்குத் தெரியாமலே ஒராள் பாவிக்கிறார். உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. நான் கேக்கிறன்.

திரையிலை பந்து பட்டதுக்கு உங்களுக்குக் கோவமோ? கோவமெண்டா கோவமெண்டு எழுதுங்கோ, அழிக்கமாட்டன். இல்லையெண்டா, "பகலிலை திரையை அவிழுங்கோ, பெட்டையளின்ரை பேரைக் குடுங்கோ" எண்டு உங்கடை சொந்தப் பேரோடை எழுதுங்கோ. ஊரிலை இருக்கிறவையும் எழுதுங்கோ. லைக் போட்டிட்டு ஓடாதையுங்கோ, லைக்கைக் கொண்டுபோய்த் தலைவருக்குக் காட்ட ஏலாது. இண்டைக்கு வியாழன். சனிக்கிழமைக்கு முன்னம் மறுமொழி வேணும். கீழை இடம் இருக்கு, எழுதுங்கோ.