இரண்டாவது போல்ட்

சைக்கிள் போல்ட்டை முறுக்குகிற ஆலன் கீயைக் காணவில்லை. சமையலறை இழுப்பறையை மூன்றாவது முறையாகக் கிளறினாள். கத்தரிக்கோல், தீர்ந்துபோன பாட்டரிகள், அவளுடைய சிவப்பு நகப்பாலிஷ். பாலிஷின் மூடி சரியாக மூடாமல் கிடந்தது. மகள் வேலையாகத்தான் இருக்கும் என்று எரிச்சலோடு முறுக்கி மூடிவிட்டு மறுபடியும் துழாவினாள். கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் அவளை எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். தவிப்பு உண்மைதான். காரணம்தான் அவர்களுக்குத் தெரியாது.

அவர் ஓட்டியது ஹைபிரிட் சைக்கிள். பந்தய சைக்கிளும் இல்லை, மேடுபள்ளத்தில் ஏறுகிற தடித்த சைக்கிளும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வாங்கிய புதிதில் குனிந்து ஓட்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் உடம்புக்குத் தக்கபடி அதை மாற்றுவது அவள் பொறுப்பு. கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக மூக்குக் கண்ணாடிகளுக்கு எள்ளளவு ஸ்க்ரூ போட்ட கை அது. அகலமான சீட், மெத்தென்ற கைப்பிடி, மட்கார்டு, பின்னால் கேரியர் என்று ஒவ்வொன்றாக மாட்டினாள். என் வீட்டுக்காரி சோபாவுக்குச் சக்கரம் வைத்துவிட்டாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஆனால் அவள் முறுக்கிய போல்ட்டை அவர் ஒருமுறை முறுக்கிப் பார்க்காமல் விடமாட்டார். பார்த்ததும் அவளுடைய நகப்பாலிஷை எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அச்சகத்தில் பிழை திருத்தியே காலத்தை ஓட்டிய மனிதர். அடுத்தவர் வேலையில் ஒரு சிவப்புக் கோடு போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

முந்தாநாள் சாயங்காலம் அவருடைய மணிக்கட்டு வலிக்காக, ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்துகிற துண்டு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு இரண்டு போல்ட். முதல் போல்ட்டை முறுக்கி முடிக்கும் முன்பே அவர் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் முறுக்கினதுல இனிமே கை வெச்சீங்கன்னா, உங்க சைக்கிளை நான் தொடவே மாட்டேன்."

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்த மகள் போன் செய்தாள். பேசி முடித்து வந்து இரண்டாவது போல்ட்டை முறுக்கினாளா, அப்படியே கையைக் கழுவிவிட்டாளா? நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நேற்றுக் காலை அவர் தெருமுனை இஸ்திரிக் கடை எதிரே விழுந்தார். ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். மாரடைப்பு என்றார் டாக்டர். மாரடைப்பு வந்து விழுந்தாரா, விழுந்த அதிர்ச்சியில் மாரடைப்பு வந்ததா என்று கேட்டாள். அதைச் சொல்வது கஷ்டம், வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நேற்றிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

கொழுந்தன் சமையலறைக்குள் தலையை நீட்டினான். அந்தச் சைக்கிள் இன்னும் இஸ்திரிக் கடை ஓரத்தில்தான் நிற்கிறது என்றான்.

"அந்தச் சனியன் இனி வீட்டுப்பக்கமே வரவேண்டாம் அண்ணி. பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டேன். மூணு மணிக்கெல்லாம் எடுத்துட்டுப் போயிடுவார்."

நல்லதென்று நினைத்துத்தான் செய்திருந்தான். மணி இரண்டே முக்கால்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மகள் கொண்டுவந்து எங்கே வைப்பது என்று கேட்டாள். அதில் அவருடைய கைக்கடிகாரம், கண்ணாடி, பர்ஸ் இருந்தன. அடியில் ஆலன் கீ. சைக்கிள் எடுக்கும்போது கீயையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவர் இல்லை. ஹேண்டில் ஆடுவது தெரிந்துதான் எடுத்துக்கொண்டாரோ? அப்போதும் அவள் வாய்க்குப் பயந்து தொடாமலே ஓட்டிக்கொண்டு போனாரோ?

கீயைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்த நேரத்தில் எங்கே என்று கொழுந்தன் குறுக்கே வந்தான். மகள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"விடுங்க சித்தப்பா. அம்மா போயிட்டு வரட்டும்."

அவள் போய்ச் சேர்ந்தபோது இரும்புக்காரர் சைக்கிளைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். இறக்கி வையுங்கள் என்றாள். முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் திருப்பினாள். அசையவில்லை. மறுபக்கமும் திருப்பினாள். கொஞ்சமும் அசையவில்லை. அதையும் நம்ப முடியாமல் குனிந்து பார்த்தாள்.

இரண்டு போல்ட். இரண்டிலும் சிவப்புக் கோடு, ஒன்றும் விலகாமல் நேராக இருந்தது. இரண்டாவது போல்ட்டில் பாலிஷ் வழிந்து, அதை விரலால் அவசரமாகத் துடைத்த தடமும் இருந்தது. அவள் எழுவதற்கு முன்னால் திருடன் மாதிரி வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் முறுக்கியிருந்தாளா, அவர்தான் முறுக்கினாரா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"சொன்னா கேக்கவே மாட்டீங்களே" என்றாள்.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று இரும்புக்காரர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

சைக்கிளை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கைப்பிடி அவளுக்குக் கொஞ்சம் உயரம்தான். வாசலில் நின்ற கொழுந்தன் ஒதுங்கி வழிவிட்டான். சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டு உள்ளே போய், நேற்றிலிருந்து முதல் முறையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கட்டைவிரல் நக ஓரத்தில் சிவப்பாக ஒட்டியிருந்தது. ரத்தம் என்று நினைத்து மகள் ஈரத்துணியோடு குனிந்தாள்.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றாள்.