கம்ப்யூட்டர் பார்க்க வந்த எட்டுப் பேர்

மகள் படிக்கும் கல்லூரியில் கம்ப்யூட்டர் கண்காட்சி என்றதும் சோலைமலைக் கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை. போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவருக்குக் கீழே எட்டுப் பெண்கள் காய் பறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரையும் ஜீப்பில் அடைத்துக்கொண்டு மலை இறங்கிவிட்டார். அவர்கள் கம்ப்யூட்டர் பார்க்க வேண்டும் என்றா? அட, அதெல்லாம் இல்லை. ‘எங்கப்பா தோட்டத்துல ஆபீசர்’ என்று மகள் சந்திரவல்லி தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆபீசர் என்றால் பின்னால் நாலு பேர் வர வேண்டாமா? விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை, தோட்டத்துப் பக்கமே வந்ததில்லை. அவள் கொடுத்த அந்தப் பெயர் கெடாமல் இருக்க வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

எண்பத்தாறாம் வருசம் அது. வாசலை ஒட்டி, மதுரை மில் ஒன்று கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர், இரண்டு பீரோ அகலத்துக்கு நின்றது.

“இம்புட்டுப் பெருசு என்னத்துக்கு தாயி?” என்று கேட்டாள் எட்டுப் பேரில் ஒருத்தியான இருளம்மாள்.

“அந்தக் காலத்து மிசினுக்கா. இப்ப இதே வேலைய அந்தா இருக்க சின்னப் பெட்டி செஞ்சிரும்” என்றாள் சந்திரவல்லி.

“அப்ப பெருசா இருக்கதெல்லாம் சோலி பாக்காதுன்னு சொல்லு” என்று மாயக்காள் கங்காணியின் தொந்தியைப் பார்த்தாள். அவரே சிரித்துவிட்டார்.

கடைசி மேசையில் சிங்கப்பூரிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டி. டிவியில் ஓடும் வெள்ளைப் புள்ளியை, குமிழைத் திருகித் திருகித் தடுக்க வேண்டும். இருளம்மாள் இருபது தடவை விடாமல் தடுத்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு வாத்தியார் வந்து கங்காணியின் கையைக் குலுக்கி, “உங்க ஆளுங்களா சார்?” என்றார். சார்! கங்காணிக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அதற்குள் ஜீப்பு டிரைவர் ஹாரன் அடித்தான். தலை எண்ணி ஏற்றிவிடலாம் என்று கங்காணி முன்னால் போய் வாசலில் நின்றார். அங்கேதான் சனி பிடித்தது.

தோட்டத்துக் கேட்டிலும் தினம் சாயங்காலம் அவர் அப்படித்தான் நிற்பார். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். ஏலக்காய் ஒளித்து வைக்கவில்லை என்று பார்த்த பிறகு, “பாத்தாச்சு, போ” என்பார். பதினாறு வருசப் பழக்கம். வாசலில் அவரைக் கண்டதும் இருளம்மாளின் கை தானாக மடிக்குப் போயிற்று. அவிழ்த்து உதறினாள். பின்னால் ஏழு பேரும், யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள்.

“எதும் தொலஞ்சுபோச்சாக்கா?” என்று சந்திரவல்லி ஓடிவந்தாள்.

“இல்ல தாயி. எதையும் எடுக்கலன்னு அப்பாவுக்குக் காட்டணும்ல.”

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். கங்காணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

“இன்னைக்கு வேணாம், போங்கத்தா” என்றார்.

யாரும் நகரவில்லை.

“பாத்துருங்கண்ணே” என்றாள் இருளம்மாள். “இம்புட்டுச் சாமான் இருக்க எடம். போன வருசம் மொக்கம்மா அவசரத்துல காட்டாமப் போனா. மறுநா எடை கொறையுதுன்னு அவளத்தான திருடின்னு வேலைய விட்டு நிப்பாட்டுனீக?”

வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். தோழிகளும்தான். வேறு வழியில்லாமல் கங்காணி ஒவ்வொரு மடியாகப் பார்த்தார். “பாத்தாச்சு, போ.” எட்டு முறை சொன்னார். எட்டு முறையும் மகள் பக்கத்திலேயே நின்றாள். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது அவருக்கு.

ஜீப்பு வரைக்கும் கூட வந்த சந்திரவல்லி மெதுவாகக் கேட்டாள். “அந்த மொக்கம்மா நெசமாவே எடுத்தாங்களாப்பா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“இல்லம்மா. தராசுல கோளாறு. ரெண்டு நாள்லயே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் அவங்களத் திரும்பக் கூப்புட்டீங்களா?”

கங்காணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னார்.