அழிக்கச் சொன்ன படம்

என் தோட்டத்து வண்டிப்பாதையைப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கருப்பன் டிராக்டர் விட்டு உழுதுவிட்டான். அங்கே பாதையே இருந்ததில்லை என்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பாதை போனால் கரும்பைத் தலையில் சுமந்துதான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

அவன் இப்படிச் செய்வான் என்று ஆறு மாதம் முன்பே தெரியும். பாதையைப் போட்டோ எடுத்து வைக்க நினைத்தேன். எழுமலை ஸ்டுடியோக்காரன் அவனுக்குச் சொந்தம். அதனால் என்னை யாரென்றே தெரியாத சௌராஷ்டிரக்காரர், போட்டோக் கடை வெங்கடேஷ்பாபுவைத் திருநகரிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்தேன். நாலு படம் எடுத்தார். மூன்றைப் பிரிண்ட் வாங்கிக்கொண்டு, அவன் கைக்குப் போய்விடக் கூடாதென்று கம்ப்யூட்டரில் இருந்ததை என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். அழித்தார். எவனும் தேடாத இடமென்று பிரிண்டுகளை யூரியா சாக்குக்குள் ஒளித்தேன். ஈரம் இழுத்து, மை கரைந்து, மூன்றும் ஒட்டிப் போயின.

சனிக்கிழமை காலை திருநகர் போனேன்.

"அழிச்சதை எடுக்க சாஃப்ட்வேர் இருக்குங்க ஐயா. அந்த இடத்துல வேற படம் ஏறியிருந்தா வராது" என்றார்.

"அழிச்சது எப்படி வரும்? அப்ப அன்னைக்கு நீ அழிக்கலை."

"அழிச்சேன். கம்ப்யூட்டர் பேரைத்தான் மறக்கும். படம் உள்ளயே கிடக்கும்."

"இதை அன்னைக்கே சொன்னியா?"

"நீங்க எங்க பேச விட்டீங்க?"

உள்ளே இருந்த மனைவி பிருந்தாவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்தம்மா சிரித்தது.

"என்னையப் பத்தித்தானே?"

"காப்பி போடச் சொன்னேங்க ஐயா."

காப்பி வந்தது. அப்போதும் நான் நம்பவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக்கோடு நகர ஒரு மணி நேரம் ஆனது. என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் ஆயிரத்து எழுநூறு படம் வந்தது. எதற்கும் பேர் இல்லை. ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டுமாம். யார் யாரோ கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் மூஞ்சிகள்.

"மெதுவா அமுக்குங்க ஐயா, கீபோர்டு உடைஞ்சிரும்."

என் வேப்பமரம் வந்தது. மரத்துக்குக் கீழே, பாதை இருக்க வேண்டிய இடம் பூராவும் சாம்பல் நிறம். அடுத்ததும் பாதிதான். மூன்றாவது திறக்கவே இல்லை.

நாலாவது முழுசாக வந்தது. குறுக்கே வந்து படத்தைக் கெடுத்துவிட்டான், இவன் மூஞ்சிக்கு நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அன்றைக்குப் பிரிண்ட் வேண்டாமென்று தள்ளியது. பாதையின் நடுவே சின்னக்கருப்பன் பீடியைக் கடித்துக்கொண்டு தன் மாட்டுவண்டியை ஓட்டி வருகிறான்.

"இது போதுமா ஐயா?"

"பெருசாப் போடு. கூட்டத்துல அம்புட்டுப் பேருக்கும் அவன் மூஞ்சி தெரியணும்."