கமிட் கொடுக்காத இளவேனில்

1

இந்தக் கதையைப் பாதி வரைக்கும் சொன்னவள் என் அண்ணன் மகள். மீதியைக் கேட்டதற்கு, "நீதான எழுதுற சித்தப்பா, நீயே பாத்துக்க" என்று எழுந்து போய்விட்டாள். பெயர்களை மாற்றிவிட்டேன். அவள் இதில் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2

செஞ்சிக் கோட்டை மேல் காலை வெயில் இறங்கி

(வேண்டாம். இந்த ஊரில் கோட்டையை விட்டால் கதை தொடங்க வேறு இடமே இல்லையா?)

3

இளவேனிலின் நைனாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக்கடை. வீட்டில் லேப்டாப் உண்டு, தனி டியூஷன் உண்டு. தொண்டூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் மதுமதிக்கு இரண்டும் கிடையாது. ஆனால் கல்லூரியில் டேட்டாபேஸ் பாடம் மதுமதிக்குப் புரிந்தது. இளவேனிலுக்கு மனப்பாடம்தான் ஆனது. "புரியாதவங்க மதுமதியைக் கேளுங்க" என்று ராஜாராம் சார் சொல்லும்போதெல்லாம் இளவேனிலுக்கு வயிறு எரியும். அதைவிடக் கொடுமை, அவளும் போய்க் கேட்கவேண்டியிருந்தது.

டேட்டாபேஸில் 'லாக்' என்றால் என்ன என்று கேட்டபோது மதுமதி சொன்னாள்:

"பஸ் சீட்டுல துண்டு போட்டுட்டு ஒருத்தன் டீ குடிக்கப் போயிட்டான்னு வெச்சிக்க. அவன் வந்து எடுக்கிற வரைக்கும் அடுத்தவன் நின்னுக்கினேதான் இருக்கணும். அதாண்டி லாக்கு."

(மண்டையை உடைத்துக்கொண்டாலும் எனக்கு இப்படி ஓர் உதாரணம் வராது. மதுமதி மேல் எனக்கும் கொஞ்சம் பொறாமைதான்.)

4

திண்டிவனத்திலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. ஒரே வேலை. கடைசிச் சுற்றில் இவர்கள் இருவர். பொதுவான ஓர் அட்டவணையில், ஒரே சரக்கின் இருப்பை இருவரும் திருத்திக் காட்டவேண்டும். இளவேனில் திருத்தினாள், திருத்தத்தை உறுதிசெய்யும் 'கமிட்' கட்டளையைக் கொடுத்து முடிக்க மறந்துவிட்டாள். மதுமதியின் திரை அப்படியே நின்றுபோனது.

மதுமதி தான் எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"இளா, எனுக்கு நிக்குதுடி. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

இளவேனிலுக்கு அப்போதுதான் விளங்கியது, சீட்டில் துண்டு போட்டுவிட்டு எடுக்காதவள் தான்தான் என்று. முதன்முறையாக ஒரு பாடம் மதுமதிக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியைக் 'கெட்ட மகிழ்ச்சி' என்று எழுதிப் பார்த்தேன். 'கெட்ட' என்பதை அடித்துவிட்டேன். மகிழ்ச்சிதான்.

5

முடிவு ஒன்று: கமிட் கொடுக்கிறாள். மதுமதி வெல்கிறாள். இருவரும் கட்டிக்கொண்டு

(எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: "தெரியலையேடி" என்கிறாள். நேரம் முடிகிறது. வேலை இளவேனிலுக்கு. மறுநாள் மதுமதி வந்து வாழ்த்துச் சொல்லும்போது அவள்

(இதையும் என்னால் எழுத முடியவில்லை.)

6

கமிட் கொடுத்தாலும் லாக் விட்டுவிடும். திருத்தியதை வாபஸ் வாங்கினாலும் விட்டுவிடும். சும்மா இருந்தால் மட்டும்தான் விடாது. இளவேனில் சும்மா இருக்கிறாள்.

முடிவை உங்களிடம் விடுகிறேன். நிதானமாக யோசியுங்கள். நீங்கள் யோசித்து முடிக்கிற வரைக்கும் மதுமதி காத்திருக்கிறாள், தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு.