இரண்டு நிமிடம் எட்டு நொடி

ஆறாவது டேக்கிலும் உதடு பிசகியது.

"கட்" என்றார் டைரக்டர் கிராஸ்மன். அவர் கத்தியிருந்தால் லொரீனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி பதினொன்று பத்து. செட் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம். மூன்று பக்கம்தான் பள்ளிக்கூடம். நாலாவது பக்கம் காமிரா, விளக்குகள், ஸ்டுடியோவின் தகரச் சுவர். கூரையிலிருந்து காகிதத் தோரணங்கள் தொங்கின. கூடைப்பந்து வளையத்தில் பலூன்கள். நடுவே ஆடுவதற்கென்று அழைத்து வரப்பட்ட இருபது ஜோடிப் பள்ளிப் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள்.

மேடையில் மூன்று பேர். கழுத்தில் கிடாருடன் லொரீன். ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ் வாத்தியத்தை அணைத்தபடி அவள் அண்ணன் ஹாய்ட். டிரம்ஸுக்குப் பின்னால் டெல்பர்ட். ஆர்கன்சாஸிலிருந்து மூன்று நாள் கார் ஓட்டி வந்திருந்தார்கள், பேஸைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு.

வந்ததிலிருந்து டெல்பர்ட்டுக்கு ஒரே எரிச்சல். டிரம்ஸின் மேல் ரப்பர் விரித்திருந்தார்கள். தாளத் தட்டுகளுக்கு உள்பக்கம் துணி ஒட்டியிருந்தார்கள். கிடாரிலிருந்து போகும் ஒயர் லொரீனின் பாவாடைப் பைக்குள் போய் முடிந்தது. படம் பிடிக்கும்போது மேடையிலிருந்து சத்தமே வரக் கூடாது என்பது இங்கே சட்டம். ஸ்பீக்கரில் அவர்களுடைய ரெக்கார்டு ஓடும். அதற்கு வாயசைக்க வேண்டும், கையசைக்க வேண்டும். பிள்ளைகள் அதற்கு ஆடுவார்கள்.

"எங்க மாமியார் மெத்தையில தூசி தட்டற மாதிரி இருக்கு" என்றான் டெல்பர்ட்.

"உன் மாமியார் உன்ன விட நேரத்துக்கு அடிப்பாங்க" என்றான் ஹாய்ட்.

லொரீன் சிரிக்கவில்லை. செட்டின் ஓரத்து நாற்காலியில் இளஞ்சிவப்புக் கோட்டு போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகப்பூச்சு முடிந்துவிட்டது. தலையைச் சீவிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் ஒரு பாட்டு உண்டு. பன்னிரண்டு மணிக்குள் லொரீனின் பாட்டு முடியாவிட்டால் இந்த மேடை அவனுக்கு. ஒன்றரை மணிக்கு இதே கூடத்தைப் பிரித்து நீதிமன்றம் ஆக்க வேண்டும். ஒன்பது நாளில் எடுத்து முடிக்கிற படம் அது. யாருக்காகவும் நிற்காது.

கிராஸ்மன் மேடைக்கு அருகே வந்தார். "இந்தாம்மா, இது நீ பாடின பாட்டுதானே?"

"ஆமாங்க சார்."

"உனக்கே உன் பாட்டு மனப்பாடம் இல்லையா?"

"மூணு வருசமா பாடறேன் சார். தூக்கத்துல எழுப்பினாலும் பாடுவேன்."

"அப்ப உன்னத் தூங்க வச்சுத்தான் எடுக்கணும் போல. நாலாவது வரியில நீ வாயத் தொறக்கற, ஸ்பீக்கர் அஞ்சாவது வரிக்குப் போயிடுது. ஏன்?"

அவளுக்குத் தெரியவில்லை. முதல் வரியில் சரியாகத்தான் தொடங்குகிறாள். பிறகு பாட்டு அவளை விட்டுவிட்டு ஓடுகிறது. கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது போல.

"உங்க மெசின் வேகமா ஓடுது" என்றான் டெல்பர்ட்.

ரெக்கார்டு போடும் மிட்ச் தலையைத் தூக்கினான். வழுக்கை, வாயில் எரியாத சுருட்டு. "யாரு மெசின்?"

"உன் மெசின்தான்."

மிட்ச் கருப்புக் கோடு போட்ட ஓர் அட்டைத் தட்டை எடுத்து, ரெக்கார்டு சுழலும் தட்டின் மேல் வைத்து, விளக்கை அதன் மேல் காட்டினான். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். நின்றன. ஒரு மயிரிழை கூட நகரவில்லை.

"பதினேழு வருசமா இந்த வேலையில இருக்கேன் தம்பி. மெசின் சரி. நீங்கதான் மெதுவா ஓடறீங்க."

இளஞ்சிவப்புக் கோட்டுக்காரன் சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

முதல் வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மேடையருகே வந்தாள். ரோசலி. பதினாறு வயது இருக்கும். உயரக் கட்டிய குதிரைவால், இரண்டு நிறச் செருப்பு.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இந்த ரெக்கார்ட ஒரு மாசமா எங்க வீட்ல போட்டு ஆடறோம். ஊசியே தேஞ்சு போச்சு. ரெக்கார்டு எப்பவும் இப்படித்தான் ஓடும். நீங்க வாயசைக்கறதுதான் வேற பாட்டு மாதிரி இருக்கு."

"அது எப்படி வேற பாட்டு ஆகும்?"

"வீட்ல போட்டுப் பாத்தீங்களா?"

லொரீன் அண்ணனைப் பார்த்தாள். ஹாய்ட் பேஸின் கழுத்தைப் பார்த்தான். அவர்களிடம் ரெக்கார்டு போடும் பெட்டியே கிடையாது. ரெக்கார்டு வெளிவந்த நாள் முதல் ஊர் ஊராக மேடை. தங்கள் பாட்டை அவர்கள் கேட்டதெல்லாம் காரின் ரேடியோவில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில், இரண்டு மூன்று முறை. அம்மா மட்டும் தொலைபேசியில் ஒரு தடவை சொன்னாள்: ரேடியோவுல உன் பாட்டு வந்துச்சு, குரல்தான் சின்னப் புள்ள குரலா இருந்துச்சு, சளி புடிச்சிருந்துச்சா உனக்கு?

"மிட்ச் சார், முதல் வரிய மட்டும் போடுங்க" என்றான் ஹாய்ட்.

ரெக்கார்டு பாடியது. ஹாய்ட் கண்ணை மூடிக்கொண்டு பேஸின் தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினான். இரண்டும் ஒட்டவில்லை. கையை மேலிருந்து கீழே கொஞ்சம் நகர்த்தினான். ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். ஒட்டியது.

"ஒரு கட்டை ஏறியிருக்கு" என்றான். "முழுசா ஒரு கட்டை. நாம இந்தச் சுருதியில பாடினதே இல்ல, புள்ள."

லொரீன் மேடையிலிருந்து குதித்து மிட்சிடம் போனாள். சுழல்வது நின்றதும் ரெக்கார்டின் நடுவிலிருந்த மஞ்சள் தாளைக் குனிந்து படித்தாள். அவளுடைய பெயர். பாட்டின் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நேரம்: இரண்டு நிமிடம் எட்டு நொடி.

பதிவு செய்த அன்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர் "ரெண்டு இருபத்தி நாலு, நல்லா வந்திருக்கு" என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"பதினாறு நொடி எங்க போச்சு?"

மிட்ச் சுருட்டை வாயின் மறுமூலைக்குத் தள்ளினான். "உங்க கம்பெனிக்காரன் தகடு வெட்டறப்ப டேப்ப வேகமா ஓட விட்டிருக்கான். எல்லாப் பயலும் பண்றதுதான். பாட்டு துள்ளலா இருக்கும், குரல் இளசா இருக்கும், ரேடியோக்காரனுக்கும் பிடிக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"எதுக்குச் சொல்லணும்? நீ எங்க போய் அந்த ரெக்கார்டோட சேர்ந்து பாடப் போற?"

மணி பதினொன்று முப்பத்தைந்து.

கிராஸ்மன் வந்தார். விஷயம் கேட்டார். இரண்டு விரலால் கண்ணைத் தேய்த்தார். "சரிம்மா. உன் தப்பு இல்ல. ஆனா படத்துலயும் இந்த ரெக்கார்டுதான் கேக்கும், எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்ட நான் மெதுவா ஓட்ட முடியாது. அடுத்த படத்துல பாக்கலாம்."

அடுத்த படம் என்று ஒன்று கிடையாது. அது லொரீனுக்குத் தெரியும். அந்த வசந்தத்தில் எல்லோருக்கும் பாட்டும் ஆட்டமுமாக இந்த மாதிரிப் படம் வேண்டியிருந்தது. இன்னொரு வசந்தத்தில் என்ன வேண்டியிருக்கும் என்று யார் கண்டது? அவள் ஊர்த் தியேட்டர்க்காரர் முகப்புப் பலகையில் அவள் பெயரை இப்போதே எழுதிவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். படத்தின் பெயர் இன்னும் தெரியாததால் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"சார், ரப்பர எடுத்துடலாமா?" என்றாள்.

"எத?"

"டிரம்ஸ் மேல இருக்கறத. நாங்க நெசமாவே வாசிக்கிறோம். நான் நெசமாவே பாடறேன். ரெக்கார்டு வேகத்துல."

"அந்த வேகத்துல நீ பாடினதே இல்லன்னு இப்பத்தான் உங்க அண்ணன் சொன்னாரு."

"பாடினதில்ல. ஆனா வாய மட்டும் அசைச்சா பிந்திப் போகுது சார். மூச்சு போனாத்தான் வாய் போகும்."

"டிரம்ஸ் சத்தம் வந்தா ஸ்பீக்கர் யாருக்குக் கேக்கும்? பிள்ளைங்க உன் டிரம்ஸுக்கு ஆடுவாங்க. உன் டிரம்ஸ் பிந்தும். எல்லாம் பிந்தும்."

"பிள்ளைங்க ரெக்கார்டுக்குத்தான் ஆடுவாங்க. ஒரு மாசமா ஆடறாங்க. அந்த வேகம் அவங்க காலுல இருக்கு." அவள் ரோசலியைப் பார்த்தாள். "நாங்க இவ காலப் பாத்து வாசிக்கிறோம்."

டெல்பர்ட் குச்சியைக் கீழே வைத்தான். இதுவரை ஆடுகிறவர்கள்தான் அவன் அடிக்குப் பின்னால் வந்திருக்கிறார்கள்.

"நான் அடிக்க, அவங்க ஆடணும். அதுதானே உலகம்?" என்றான்.

"இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பொண்ணு உலகம்" என்றான் ஹாய்ட்.

ரோசலி செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். "நான் தாளம் தப்ப மாட்டேன் அக்கா. ஸ்பீக்கரையே நிறுத்தினாலும் தப்ப மாட்டேன்."

கிராஸ்மன் கடிகாரத்தைப் பார்த்தார். இளஞ்சிவப்புக் கோட்டுக்காரனைப் பார்த்தார். "ஒரே ஒரு டேக்" என்றார். "மிட்ச், ஸ்பீக்கர எவ்வளவு ஏத்த முடியுமோ ஏத்து."

டெல்பர்ட் ரப்பரை உரித்து எறிந்தான். தட்டிலிருந்த துணியைப் பிய்த்தான். லொரீன் கிடாரின் கழுத்தில் இரண்டாம் கட்டத்தில், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை மாட்டி இறுக்கினாள். இப்போது கிடாரும் ஒரு கட்டை ஏறிவிட்டது. குரல் மட்டும்தான் பாக்கி. அதற்குக் கவ்வி கிடையாது.

விளக்குகள் எரிந்தன. யாரோ பலகையைத் தட்டினார்கள்.

ரெக்கார்டு தொடங்கியது. ரோசலியின் இடது கால் தரையில் விழுந்தது. டெல்பர்ட் அந்தக் காலின் மேல் அடித்தான்.

தகரச் சுவர் அதிர்ந்தது. ஆறு டேக்காக மெத்தை தட்டிக்கொண்டிருந்த கை அது. பிள்ளைகள் ஒரு நொடி திகைத்தார்கள். அப்புறம் யாரோ ஒருவன் ஊளையிட்டான், இருபது ஜோடியும் கிளம்பிவிட்டன. லொரீன் வாயைத் திறந்தாள். முதல் வரி அவள் நினைத்ததைவிட உயரத்தில் இருந்தது. எட்டிப் பிடித்தாள். இரண்டாம் வரிக்கு மூச்சு எடுக்க இடமே இல்லை. எடுக்காமல் போனாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண் ரோசலியின் செருப்பை விட்டு நகரவில்லை. கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. நாலாவது வரி வந்தது. ஐந்தாவது வரி வந்தது. இரண்டிலும் அவளும் ஸ்பீக்கரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாடிக்கொண்டே சிரித்தாள். ஹாய்ட் பேஸை ஒரு சுற்று சுற்றி, அதன் இடுப்பில் ஏறி நின்று வாசித்தான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. ரோசலியின் ஜோடிப் பையன் அவளைத் தோளுக்கு மேலே தூக்கி வீசினான். கால்கள் காற்றில் இருந்தன. லொரீனுக்குப் பார்க்கத் தரையில் கால் இல்லை. டெல்பர்ட் அடியை நிறுத்தவில்லை. செருப்பு திரும்ப விழுந்தபோது அடியும் அதே இடத்தில் விழுந்தது.

கடைசி வரி. கடைசி அடி. ஒரு பலூன் வெடித்தது.

கிராஸ்மன் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். காமிராக்காரர்தான் சொன்னார்.

"உதடு?" என்று கேட்டார் கிராஸ்மன்.

மிட்ச் காமிராவுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்து சுருட்டை எடுத்தான். "ஒட்டிடுச்சு. பசை போட்ட மாதிரி."

"அப்ப இதுதான்" என்றார் கிராஸ்மன். "எல்லாரும் சாப்பிடப் போங்க."

இளஞ்சிவப்புக் கோட்டுக்காரன் மேடையைக் கடந்து போகும்போது லொரீனிடம் சொன்னான்: "என் ரெக்கார்டுல எத்தன நொடி போட்டிருக்கான்னு நானும் பாக்கணும்."

லொரீன் ரோசலியைத் தேடிப் போய், தன் சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த கிடார் வடிவச் சின்ன ஊசியைக் கழற்றி அவளுக்குக் குத்திவிட்டாள். ரோசலி மூச்சு வாங்கிக்கொண்டே, "நாலாவது வரியில கொஞ்சம் முந்தினீங்க" என்றாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் படம் அவள் ஊருக்கு வந்தது. முகப்புப் பலகையில் காலி இடத்தில் படத்தின் பெயரும் ஏறியிருந்தது, அவள் பெயரைவிடச் சின்ன எழுத்தில். படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் அவர்கள் மூவரும் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மூவரும் திரைக்குப் பக்கவாட்டில், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். அங்கிருந்து படம் சாய்ந்து, எல்லோரும் ஒல்லியாகத் தெரிந்தார்கள். அவள் பாட்டு வந்ததும் இருக்கைகள் படபடவென்று மடங்கின. பிள்ளைகள் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். டிக்கெட் கிழிப்பவர் டார்ச்சை ஆட்டி உட்காரச் சொன்னார். ஒருத்தி அவர் கையையே பிடித்து ஆட ஆரம்பித்தாள். முதல் வரிசையில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

திரையில் ஓர் ஒல்லிப் பெண் கழுத்து நரம்பு புடைக்கச் சிரித்துக்கொண்டே பாடினாள்.

விளக்கு வந்தது. கூட்டம் உட்காரவில்லை. டெல்பர்ட் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். குச்சியைத் தூக்கினான், தூக்கியபடியே கேட்டான்.

"லொரீன். நம்ம வேகமா, அந்த வேகமா?"

அவள் நடைபாதையைப் பார்த்தாள். அங்கே கால்கள் இன்னும் ஓயவில்லை. பையிலிருந்து கவ்வியை எடுத்து இரண்டாம் கட்டத்தில் இறுக்கினாள்.

"அவங்க காலப் பாரு" என்றாள்.

டெல்பர்ட் பார்த்தான். அடித்தான்.