சம்மந்தி வெட்டிய விதை

பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதியின் வீட்டு வாசலில் ஒரு சைகஸ் மரம் நிற்கிறது. பனையைக் குட்டையாக்கி இஸ்திரி போட்டு நிறுத்தியதுபோல இருக்கும். பெண் மரம். வருசம் தவறாமல் செக்கச்செவேலென்று விதை வைக்கும். பூ, பழம் என்ற மூடுதிரையெல்லாம் கிடையாது. இலையோரத்தில் விதை சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடிப்பார்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்மந்தி பெத்தணன் ஒருநாள் கத்தியை எடுத்து ஒரு விதையை வெட்டிப் பார்த்தார்.

"வெறும் மாவுதான் இருக்கு சம்மந்தி. கருவே இல்லையே! நமத்துப்போன வெடியால்ல இருக்கு?"

பட்டாசு முதலாளியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அடுத்த வருசம் உயிருள்ள விதையைக் காட்டாமல் விடுவதில்லை என்று கனகசபாபதி கங்கணம் கட்டினார்.

விதையில் கரு பிடிக்க ஆண் மரத்து மகரந்தம் வேண்டும். ஆண் மரம் காரியாபட்டியில் இசபெல் டீச்சர் வீட்டில் இருந்தது. நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு கூம்பு.

"நாங்க மாப்பிள்ளை வீடு அண்ணாச்சி. கிறிஸ்மஸுக்கு நாலு பெட்டி மத்தாப்பு வேணும்" என்றார் டீச்சர்.

"ரெண்டு."

"அப்ப மாப்பிள்ளை அங்கன வரமாட்டாரு."

மூன்றில் முடிந்தது. டீச்சர் கூம்பை உலுக்க, மகரந்தம் மஞ்சள் தூளாகக் காகிதத்தில் கொட்டியது. பொட்டலம் கட்டிக்கொண்டு காரில் கிளம்பினார்.

மல்லாங்கிணறு விலக்கில் வாகனச் சோதனை. போலீஸ்காரர் முனியராஜ் பொட்டலத்தைப் பிரித்தார்.

"கந்தகமா அண்ணாச்சி?"

"மகரந்தம்ப்பா."

"அது எந்தக் கம்பெனி சரக்கு?"

டீக்கடைக் கூட்டம் மொத்தமும் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் தூளைக் கண்டால் எல்லோரும் நிபுணர்தான். ஒருவர் மோந்தார். ஒருவர் தீக்குச்சியைக் கிழித்து ஒரு சிட்டிகையைத் தூவினார். பக்கென்று பற்றியது.

"நீலமா எரியலையே, கந்தகம் இல்ல!"

"ஏலே, இன்னொரு வாட்டி போடுலே!"

"ஐயா, அது எங்க வீட்டு மாப்பிள்ளைய்யா!" என்று கனகசபாபதி கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. சோதனை திருப்தியாக முடிந்தபோது காகித மடிப்பில் ஒட்டியதுதான் மிச்சம்.

அதையும் விடாமல், மனைவியின் பவுடர் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பெண் மரத்தின் தலையில் தடவினார்.

விதை முற்றியதும் சம்மந்தியை வரவழைத்து, எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போட்டார். கரு இருந்தால் முங்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எல்லாம் மிதந்தன. ஒன்றே ஒன்று முங்கியது.

"பாத்தீகளா!"

பெத்தணன் கத்தியை எடுத்தார்.

"வெட்டினாத்தான நெசம் தெரியும்?"

"வெட்டினா செத்துருமேய்யா!" கனகசபாபதி வாளியைக் கட்டிப்பிடித்தார். "நட்டுவைப்போம். முளைச்சா நம்புங்க."

"நடுவோம். ஆனா தொட்டி எங்க வீட்ல இருக்கட்டும். இங்கன இருந்தா, நர்சரியில ஒரு கன்னு வாங்கி சொருகிட்டு முளைச்சிருச்சும்பீக."

அந்த யோசனை கனகசபாபதிக்குள் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. விதையை நட்டுத் தொட்டியைச் சம்மந்தியோடு ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"தண்ணி ரொம்ப ஊத்திராதீக! தோண்டித் தோண்டிப் பாக்காதீக சம்மந்தி!"