கயிறு வேண்டாத பறவை

பறவை மூன்றாம் தடவையாகக் குப்புற விழுந்தபோது எனக்கு வந்த கோபத்தில், விண்கல் செய்யத் தவறியதை நானே செய்து முடித்திருப்பேன்.

கரமனை அக்ரஹாரத்துக்காரனான நான் இருபது வருஷமாக அறிவியல் கண்காட்சிகளுக்கு மாதிரி உருவங்கள் செய்கிறேன். இதுவரை ஒன்பது டைனோசர்கள் செய்திருக்கிறேன், ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. இந்தப் பறவை அவற்றின் கடைசிக் காலத்தது. முகம் கோழி, பின்மண்டை வாத்து. நிஜத்தில் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். நான் ஐந்து மடங்காக எலும்புகளைச் செய்திருந்தேன். கல்லுக்குள் புதைபடிவமாகக் கிடைத்தது மண்டை ஓடும் சில கால் எலும்புகளும்தான். அதையும் கல்லை உடைக்காமல் எக்ஸ்ரே போட்டே கண்டிருக்கிறார்கள். மிச்சம் ஊகம்.

"சாமி, நாளைக்கு பத்து மணிக்கு திறப்பு. நிக்கலைன்னா கயிறு கெட்டித் தூக்கிடாம், பறக்குற மாதிரி இருக்குமல்லோ?" என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர் ஹரிகுமார். சொன்னதோடு நிற்காமல் நைலான் கயிறு ஒரு சுருள் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டார்.

சுருளை மேஜை ஓரத்துக்குத் தள்ளினேன். விண்கல் விழுந்து காடெல்லாம் கருகியபோது மரத்தில் வாழ்ந்த பறவைகள் போய்விட்டன, தரையில் நடந்தவைதான் பிழைத்தன என்கிறார்கள். நடந்து பிழைத்ததைத் தொங்கவிட்டால் அதைவிடப் பெரிய பொய் கிடையாது. அதன் பக்கத்தில் என் பெயரை வேறு எழுதுவார்கள்.

அப்போதுதான் எதிர் ஹோட்டலில் கோழி வெட்டும் உலகம்மை டீ கொண்டுவந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. டீயை வைத்துவிட்டுக் கீழே கிடந்ததைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"சாமி, இதுக்குத் தொடைய யாரு இப்படி நட்டக்குத்தலா வச்சது?"

"நான்தான். வேற எப்படி வைக்கறதாம்?"

"கோழித் தொடை வயித்தோட ஒட்டி, முன்னால பாத்துல்லா கெடக்கும். நீங்க பாத்ததே இல்லியா?"

நான் எங்கே பார்த்தேன்? எங்கள் தெருவில் கோழி என்றால் தூரத்தில் கூவுவது. செய்த கைக்குத் தெரிந்ததெல்லாம் டைனோசர் தொடை. அதைத்தான் தூண் மாதிரி இதற்கும் நட்டிருந்தேன்.

ஹோட்டலின் பின்கட்டுக்குப் போனேன். கழுவி வைத்த கோழி ஒன்றை அவள் நீட்டினாள். ஒரு நிமிஷம் தயங்கினேன். பிறகு வாங்கிக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்து எலும்பின் போக்கில் நகர்த்தினேன். தொடை முன்னோக்கிப் படுத்திருந்தது, முழங்கால் விலாவுக்குப் பக்கத்தில். முழங்கால் என்று நான் இத்தனை நாள் நினைத்தது கணுக்கால்.

விஷயம் புரிந்தபோது வெட்கத்தை மீறி மலைப்புதான் வந்தது. டைனோசருக்குப் பின்னால் நீள வால் இருந்தது, பாரம் சமனானது. பறவைக்கு அந்த வால் இல்லை. அதனால் தொடையை முன்னால் மடக்கி, பாதத்தைப் பாரத்துக்கு நேர் கீழே கொண்டுவந்துவிட்டது. என்ன அருமையான வேலை! தினம் தெருவில் காக்கை இப்படித்தான் நடந்துபோகிறது, நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் இரண்டு தொடைகளையும் கழற்றி மாற்றினேன். பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நின்றது. மேஜையைத் தட்டிப் பார்த்தேன், அப்போதும் நின்றது.

டீ கிளாஸ் எடுக்க வந்த உலகம்மையிடம் விண்கல் நெருப்பின் கதையைச் சொல்லிவிட்டு, "நாளைக்குப் பலகையில உன் பேரும் வரும்" என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்தக் கயிறு வேண்டாம்லா? துணி காயப்போட எடுத்துக்கிடுதேன்" என்று சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பறவையைப் பார்த்தாள். "இதா சாமி அவ்வளவு பெரிய நெருப்புக்குத் தப்பிச்சது?"

"இதேதான். இல்லேன்னா இதோட சொந்தம்."

அதன் தொடையை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"அம்புட்டுக்கும் தப்பிச்சு வந்து, கடைசியில எங்கிட்டயா மாட்டணும்?"